கல்யாணக் காரின் என்ஜின்

பட்டறையில் ஒரு பழைய கார் நின்றது. அதன் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருந்து, எண்ணெயைச் சுழற்றி ஒன்றின் வேகத்தை மற்றதிடம் சேர்க்கும் டார்க் கன்வெர்ட்டர் உடைந்துபோயிருந்தது. மேஜைமேல் புதிதாக இரண்டு காத்திருந்தன.

"நீங்க மெதுவாச் சுத்தினாலே நான் பிடிச்சுக்குவேன்," என்றது மங்கலானது.

"உச்ச வேகத்துக்கு ஏறினாத்தான் நான் பிடிப்பேன். பந்தயத்துல ஓடுறவங்களுக்காகவே என்னைச் செஞ்சாங்க," என்றது பளபளப்பானது.

என்ஜின் நெஞ்சை நிமிர்த்தியது. "அப்போ நீதான் எனக்கு!"

கியர்பாக்ஸ் குறுக்கிட்டது. "அண்ணே, நாம ஓடினதெல்லாம் கல்யாண ஊர்வலம். அந்த வேகம் உங்களுக்கு ஏறாது. இது பிடிக்காம வழுக்கிக்கிட்டே இருக்கும், எண்ணெய் கொதிக்கும். வெந்து சாகப்போறது நான்."

"என் வயசைச் சொல்லிக் காட்டுறியா?" என்று உறுமியது என்ஜின். அதோடு பேச்சு முடிந்தது; பளபளப்பானதையே பொருத்தினார்கள்.

முதல் மேட்டிலேயே என்ஜின் அலறியது, கார் ஊர்ந்தது, எண்ணெய் கருகியது. அந்த அலறலில் கியர்பாக்ஸின் முனகல் யார் காதிலும் விழவில்லை.

கியர்பாக்ஸைக் கழற்றி, எண்ணெயை வடித்து, பட்டறை மூலையில் போட்டார்கள். வேறொரு கியர்பாக்ஸ் வந்தது.

"பழையவருக்கு என்ன ஆச்சுண்ணே?" என்று கேட்டது அது.

"நல்ல பையன்தான். என் வேகத்தைத் தாங்கல," என்றது என்ஜின், குரல் தழுதழுக்க.

புதியது பெருமையோடு நெருங்கி உட்கார்ந்தது. நடுவே, கழுவித் துடைத்த அதே பளபளப்பான கன்வெர்ட்டர்.

மூலையில் கிடந்த பழைய கியர்பாக்ஸ் 'வேணாம்' என்று கத்தப் பார்த்தது. வாயிலிருந்து ஒரு சொட்டுக் கருகிய எண்ணெய்தான் விழுந்தது.

"பாத்தியா, இன்னமும் ஒழுகுது," என்றது என்ஜின்.