கடைசி ஒன்றைத் தவிர

ரெக்ஸன் விபத்தில் இறந்தபின் அவன் குரலை வீட்டுச் சுவரில் பதித்த கருவியில் பேசவைத்தார்கள். அதற்குக் கற்றுக்கொடுக்க, அவனுடைய காதலி ஜெனிட்டா, அவன் தனக்கு அனுப்பிய செய்திகளையெல்லாம் கொடுத்தாள், கடைசி ஒன்றைத் தவிர. "இனிமே நமக்குள்ள ஒண்ணுமில்ல" என்று அதில் எழுதியிருந்தான்.

இப்போது அவன் அம்மாவுக்கு அவள்தான் மருமகள். ஞாயிற்றுக்கிழமை மீன்தலை அவள் தட்டுக்குத்தான் வரும்.

"ஏலே, உங்களுக்குள்ள சண்டையே வந்ததில்லையா?" என்று அம்மா சுவரைப் பார்த்துக் கிண்டலாகக் கேட்டாள்.

"இவகூட சண்டை போட்டுட்டு நான் எங்கம்மா போவேன்?" என்றது ரெக்ஸனின் குரல்.

"கேட்டியாட்டி!" என்று சிரித்தபடி அம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"போதும் அத்தை," என்றாள் ஜெனிட்டா, தலை நிமிராமல். மடியிலிருந்த கைபேசியில் அந்த வரி இன்னும் இருந்தது. காட்டினால் இந்த வீட்டில் அவளுக்கு இடமில்லை. அழிக்கவும் கை வரவில்லை. ரெக்ஸன் தானாகப் பேசிய கடைசிப் பேச்சு அது.