அம்பாரத்தாண்ட திரும்பணும்

“கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது? அம்மாம் பெரிய உப்பு அம்பாரம் தெரியலயா உனக்கு?”

மேரிசெல்வி மாப்பிள்ளையை ‘உனக்கு’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதே அவளுக்கு உறைக்கவில்லை. போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

மோட்டார் கொட்டகை நிழலில் அவள் புருஷன் அந்தோணிசாமி தார்ப்பாய் மேல் கிடந்தார். ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது. முகமெல்லாம் வேர்வை.

விடிவதற்குள் லாரிக்கு உப்பு ஏற்றப் போன மனுஷன். ஏற்றி முடித்ததும் கூட வேலை பார்த்தவர்கள் லாரியிலேயே தொற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கோடிப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த மேரிசெல்வி சோற்றுத் தூக்கோடு வந்து பார்த்தால் இவர் இந்தக் கோலத்தில் கிடக்கிறார்.

ஆம்புலன்ஸ் தூரத்திலிருந்து வரணும் என்றார்கள். மகள் வினோதினியின் புருஷன் மணிவண்ணன் காரோடு கூனிமேட்டில் இருந்தான். இதோ வந்துட்டேன் அத்தை என்றான்.

அந்த ‘இதோ’ இன்னும் வந்தபாடில்லை.

எல்லாம் அந்தப் பெட்டியால் வந்த வினை. மாதா திருவிழாவுக்கு வந்தபோது காரில் புதுசாக மாட்டிக்கொண்டு வந்தான். ஆன்லைனில் சல்லிசாக வாங்கின ஜி.பி.எஸ்ஸாம். கண்ணாடியில் ஒட்டாமல் பொத்துப் பொத்தென்று விழுந்தது. எச்சில் தொட்டு ஒட்டினான். சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் அரை நாள் அதையே நோண்டிக்கொண்டிருந்தான். உப்பளத்துக்குள்ளே போனில் நெட் நிற்காது, இது நேராக வானத்திலிருந்து வழி எடுக்கும் என்று பீற்றல் வேறு.

வானத்திலிருந்து எடுத்த லட்சணம் சாயங்காலம் தெரிந்தது. சர்ச்சுக்கு வழி கேட்டால் கழுவேலி ஏரிச் சேற்றில் கொண்டுபோய் இறக்கியது. பட்டுப்புடவையோடு இறங்கிக் காரைத் தள்ளினவள் மேரிசெல்வி. அன்றைக்கே அதற்கு ‘வெளங்காத பொட்டி’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

அப்படியும் அவன் விடவில்லை. திரும்புகிற வழியில் உப்பளத்தில் நிறுத்தி, நீங்க வேலை செய்யுற எடத்த இதுல போட்டு வைக்கிறேன் அத்தை என்றான். இவள்தான் கை காட்டினாள்.

உப்பளத்தில் வேறு எதைக் காட்டுவது? எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பாத்தி, அதே வரப்பு, அதே மோட்டார் கொட்டகை. வாரிக் குவித்த அம்பாரத்தைச் சொல்லித்தான் இங்கே வழி சொல்வார்கள். மண் ரோடு பிரிகிற முனையில், நீலத் தார்ப்பாய் போர்த்தின பெரிய அம்பாரம். காற்றில் கிழிந்த இடத்தில் மஞ்சள் சாக்கை வைத்து இவளே கோணி ஊசியால் ஒட்டுப் போட்டிருந்தாள். அதன் பக்கத்தில் நிறுத்தித்தான் அவன் பட்டனை அழுத்தினான்.

இப்போது போனில் மணிவண்ணன், “அத்தை, இந்தப் பொட்டி வந்துட்டோம்னு சொல்லுது. ஆனா இங்க அம்பாரம் எதுவும் இல்லியே.”

இல்லையாமே! வீடு கணக்காக நிற்கிற உப்பைக் காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டதா?

இவளுக்குச் சூடு உச்சந்தலைக்கு ஏறியது. அந்தப் பொட்டி பேச்சக் கேட்டா குடும்பம் வெளங்காது, முன்னால போ, நீலத் தார்ப்பாய் கண்ணுல படுற வரைக்கும் வண்டிய நிறுத்தாத என்று கூச்சல் போட்டாள். கொட்டகைக்குள்ளே மோட்டார் வேறு தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஓடுகிற மோட்டார் மேலும் கோபம் வந்தது.

அவன் முன்னால் போனான். மாமியார் சொல்லைத் தட்டாத பிள்ளை.

இன்னும் காணோம் அத்தை என்றான். போ என்றாள். பொட்டி திரும்பு திரும்புன்னு கத்துது அத்தை என்றான். அதைப் பிடுங்கி வாய்க்காலில் எறி என்றாள். காரை வாங்கத் தெரிந்தவனுக்கு, பெண்ணைக் கட்டத் தெரிந்தவனுக்கு, ஓர் அம்பாரத்தைப் பார்க்கத் தெரியவில்லை. மாதாவே, இவனை நம்பியா இந்த உசுரு கிடக்கிறது!

அந்தோணிசாமி உள்ளங்கையால் தார்ப்பாயைத் தட்டினார். வாய் கோணிக்கொண்டு போனது, பேச்சு வரவில்லை. மறுபடியும் தட்டினார்.

“யோவ், சும்மா கெட. ஒண்ணும் ஆவாது.”

அதையும் கோபமாகத்தான் சொன்னாள். அழுதால் அவர் பயந்துவிடுவார்.

அவர் நிறுத்தவில்லை. இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, தட்டின இடத்திலேயே தட்டினார். எரிச்சலோடு அந்தக் கையைப் பிடிக்கக் குனிந்தாள்.

கைக்குக் கீழே மஞ்சள் சாக்கு ஒட்டு. சுற்றிலும் அவள் போட்ட தையல். அதைச் சுற்றி நீலம்.

காலையில் எந்த அம்பாரத்தை ஏற்றப் போகிறாய் என்று இவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தினமும் நடக்கிற வேலையை யார் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்?

மேரிசெல்வி ஓடினாள்.

கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போனால் அந்த முனை கூப்பிடு தூரம்தான். அம்பாரம் நின்ற இடம் வட்டமாக வெளுத்துக் கிடந்தது. அதன் ஓரமாக லாரி டயர் பதிந்த அகலமான தடம். அந்தத் தடத்துக்கு மேலே ஒரு கார் வந்து நின்று, முன்னால் போன தடம். ஈரம்கூடக் காயவில்லை.

தலையில் அடித்துக்கொண்டாள். போனுக்குள்ளே மணிவண்ணன் அத்தை, அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

வெளுத்த வட்டத்தின் நடுவில் போய் நின்றாள். முந்தானையை உருவி, கை எட்டுகிற உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.

“திரும்பி வாங்க மாப்ள. அது சொல்லுற எடத்துக்கே வாங்க. அம்பாரம் இல்ல, நான் நிக்கிறேன்.”