எண்பதில் ஒன்று

மின்சாரம் போய் அரை மணியாகிறது. சன்னல் வெயில் அப்பாவின் கட்டிலைத் தாண்டி, தலைமாட்டுச் சுவரில் திருகியிருக்கும் மூடியில்லாத பெட்டியில் விழுகிறது. பழைய மடிக்கணினிகளிலிருந்து பிடுங்கிய எண்பது லித்தியம் செல்கள், வரிசைக்கு இருபதாகப் பக்க இணைப்பில், கூட்டுக்குடும்பமாக நிற்கின்றன. ஒன்று படுத்தால் மற்ற பத்தொன்பதும் தங்கள் மின்சாரத்தை அதன் தலையில் கொட்டி, அதைத் தீப்பிடிக்க வைத்துவிடும். அப்போது அறுந்து அதை விலக்கிவைக்க, செல்லுக்கொரு மெல்லிய ஃபியூஸ் கம்பி வேண்டும். மாப்பிள்ளைக்கு அது லட்சணமாகப் படவில்லை. பளபளக்கும் தடித்த பட்டையாகப் பற்றவைத்துவிட்டார். "இனிமே கரண்ட் போனாலும் எங்க மாமா மூச்சு நிக்காது!" என்று கைபேசியைப் பார்த்து அறிவிக்கிறார். பெட்டியின் மின்சாரத்தில் ஆக்சிஜன் மெஷின் ஒரே சீராக இரைகிறது. அவர் மனைவி செல்களின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போகிறாள். மூன்றாவது வரிசையில் விரல் நிற்கிறது.

"ஏங்க, இது ஒண்ணு மட்டும் சுடுது."

"எண்பதுல ஒண்ணு. நம்ம வீட்டுல மட்டும் எல்லாரும் ஒரே மாதிரியா இருக்கோம்?"

"அதைக் கழட்டிடுங்களேன்."

"பத்தவச்சதைப் பிய்ச்சா மெஷின் நின்னுடும். வீடியோ ஓடுது, கொஞ்சம் சிரி."

சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை எடுத்துவைக்க மறந்தவளாகக் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து, கம்பியைப் பிடித்து இழுக்கிறாள். கட்டில் தரையைக் கீறிக்கொண்டு நகர்கிறது.

"என்னம்மா?" என்கிறார் அப்பா, முகமூடிக்குள்ளிருந்து.

"பெருக்கணும்ப்பா."

அவர் பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, தொங்கும் போர்வையைத் தானே தூக்கிக்கொள்கிறார். மெஷினிலிருந்து முகமூடிக்கு வரும் குழாய் விறைக்கும்வரை இழுக்கிறாள். மூன்று முழம். அதற்குமேல் குழாய் எட்டவில்லை.