இன்று அவர் பயணி

தீவுக்குப் போகும் படகில் மலிவு டிக்கெட்காரர்களுக்கு எஞ்சினை ஒட்டிய பலகைதான். காகிதத் தட்டில் சுட்ட அயிலையின் முள் மட்டும் மிச்சமிருக்கிறது. டீசல் புகையைத் தாண்டி, தீவின் பைன் மர வாசனை வருகிறது. முப்பது வருடம் ஸாதர் துறைமுகத்தில் இதே படகுகளைக் கயிறு போட்டுக் கரையில் கட்டும் வேலை பார்த்துவிட்டு, போன வாரம் ஓய்வுபெற்ற ஷீமே, படகு கரை சேர்ந்ததும் பழக்கத்தில் எழுந்துவிடுகிறார். மனைவி நெவென்கா சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். "உக்காருய்யா. இன்னைக்கு நீ பயணி." "கரையில அந்தப் பய கயித்தத் தொளதொளன்னு கட்டுறான்." "கட்டட்டும். படகு எங்க ஓடிடப் போகுது?" அவர் உட்கார்கிறார். கண் கரையிலேயே இருக்கிறது. கைகள் மட்டும் அவளுடைய கழுத்துத் துணியின் நுனியை எடுத்து, பலகையின் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குகின்றன. எல்லோரும் இறங்குகிறார்கள். நெவென்கா எழப் பார்க்கிறாள், முடியவில்லை. முடிச்சைப் பார்க்கிறாள், அவரைப் பார்க்கிறாள், மறுபடி உட்கார்கிறாள். "இது புயலடிச்சாலும் அவுராது," என்கிறாள்.