ஏரிப்பனியின் முனகல்

உறைந்துபோன பேரேரியின்மேல், அக்கரை மக்களின் குளிர்கால அடுப்புகளுக்கு மண்ணெண்ணெய் சுமந்துகொண்டு ஒரு லாரி ஊர்ந்தது. அதன் உள்ளம் ஒரு நிலையில் இல்லை. சக்கரம் உருண்ட இடமெல்லாம் அடியிலிருந்த பனிப்பாளம் ஓயாமல் முனகியது.

“சற்றே வாயை மூடுகிறாயா? கேட்டுக் கேட்டு என் ஆணியெல்லாம் கழன்றுவிடும் போலிருக்கிறது!” என்றது லாரி.

“மலைபோல் என் முதுகில் ஏறி வருகிறாய், நான் முனகவும் கூடாதோ?” என்று சிரித்தது பனி. “முனகும்வரை தாங்குகிறேன் என்று பொருள், அப்பனே. உன் ஓட்டுநரைப் பார். இதைக் கேட்டுத்தான் நிம்மதியாக இறைநாமம் பாடி வருகிறார். நீ மெல்லப் போனால் போதும்.”

“புலம்புவதற்கு ஒரு சாக்கு!” என்று சலித்த லாரி, அந்த ஓசையிலிருந்து தப்ப விரைந்தது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தும் நிற்கவில்லை.

அக்கரைக் கூரைகளின் புகை தெரிந்த வேளையில் முனகல் சட்டென்று அடங்கியது.

“அப்பாடா! இப்போதாவது ஓய்ந்தாயே!”

பாட்டை நிறுத்திய ஓட்டுநர், பனியில் போகும்போது எவரும் தாழிடாத அந்தக் கதவைத் தள்ளிக் குதித்து, கரையை நோக்கி ஓடினார்.

இத்தனை அமைதி வாய்த்தபின் அவர் எதற்காக ஓடுகிறார் என்று லாரிக்கு விளங்கவே இல்லை.