பன்னிரண்டாம் நம்பர் நாற்காலி

"எழுந்திருக்காதீங்க அங்கிள். அப்படியே உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, கிளாரன்ஸ் உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலில் ஸ்டிக்கர் ஒட்டினாள் ஜூடித். நம்பர் பன்னிரண்டு.

கிளாரன்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெங்களூரு பிரேசர் டவுனில் நாற்பது வருஷம் பேக்கரி நடத்திய மனிதர். இப்போது பேக்கரி திவால். அதை விற்றுக்கொடுக்க வந்த திவால் வக்கீல்தான் ஜூடித். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இவருக்கு முன் வரிசையில் பக்தியாகப் பாடுகிற பெண் வேறு!

"நாற்காலியக்கூட விடமாட்டியாம்மா?"

"லிஸ்ட்ல எதுவும் விட்டுப்போகக் கூடாது அங்கிள்."

அடுப்பு, தராசு, கேக் தட்டு எல்லாவற்றிலும் நம்பர் விழுந்தது. மாவு பிசைந்துகொண்டிருந்த ஃபாத்திமாவின் தோளில் முப்பத்தொன்று. மூட்டை மேல் தூங்கிய பூனையின் முதுகில் முப்பத்திரண்டு.

"நான் இன்னா கேக் தட்டா மேடம்?" ஃபாத்திமா சண்டைக்கு வந்தாள்.

"சும்னே கத்தாதீங்க. அதப் பிச்சுடாதீங்க. பூனைகிட்டயும் சொல்லி வைங்க."

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இவள் பூனையையும் அல்லவா பிடுங்குகிறாள் என்று கிளாரன்ஸ் மனசுக்குள் திட்டித் தீர்த்தார்.

அடுத்த வாரம் பேக்கரியை விலைக்குக் கேட்டு முகேஷ் வந்தார். ஊர் முழுக்கக் கேக் கடை வைத்திருப்பவர். பிளம் கேக்கை ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"கடை பேரும் அடுப்பும் போதும் மேடம். மிச்சம் வேணாம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க."

"ஒண்ணுலருந்து முப்பத்தெட்டு வரைக்கும் மொத்தமாத்தான் சார். பிரிச்சு வித்தா பேக்கரி இல்ல, பழைய இரும்பு. கடன் குடுத்தவங்களும் அப்படித்தான் ஓட்டுப் போட்டிருக்காங்க."

முகேஷ் லிஸ்டைப் புரட்டினார். "முப்பத்தொண்ணு, ஃபாத்திமா... மனுஷங்களுமா?"

"இந்தக் கேக்க அடுப்பா பண்ணுச்சு?"

"பூனை எதுக்கு?"

"எலி வந்தா மாவு மூட்டைய யாரு பாத்துக்குவாங்க? லிஸ்ட்ல இருக்கறதுல ஒண்ணக்கூட அஞ்சு வருஷத்துக்கு வெளிய அனுப்பக் கூடாது. கடைசிப் பக்கத்துல இருக்கு, படிச்சுக்குங்க."

முகேஷ் படித்தார், முறைத்தார், இன்னொரு துண்டு கேக் சாப்பிட்டார். மூன்றாவது துண்டில் கையெழுத்துப் போட்டார். பூனை தன் நம்பரை நக்கியே தின்றுவிட்டிருந்தது.

கிளாரன்ஸுக்குக் கண் கலங்கியது. இவளைப் போய்த் திட்டினோமே! என் ஆட்கள் பிழைத்துக்கொண்டார்கள், அது போதும். கடன் வாங்கிக் கெடுத்தவனுக்கு இனி இங்கே என்ன வேலை? தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"அங்கிள், எங்க போறீங்க? சரக்கு குறையுதுன்னு முகேஷ் சார் என் மேல கேஸ் போடவா? போய் உக்காருங்க."

லிஸ்டை அவர் கையில் திணித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

'பன்னிரண்டு: மர நாற்காலி ஒன்று. உட்கார்ந்திருப்பவர் உள்பட.'