அத்தையோட மெஷின்

"கை வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? அது என் மெஷின். தள்ளிப் போ!"

மாமியார் போட்ட சத்தத்தில் மருமகளின் இடுப்பில் இருந்த குழந்தை வீரிட்டு அழுதது.

"பாப்பா துணிதானே அத்தை. நானே போட்டு எடுத்துக்கிறேன்."

"வாளியை அங்கே வை. நான் போடறேன்."

முன்பெல்லாம் இப்படி இல்லை. மருமகள் பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்ததிலிருந்து இதே கதைதான். மாமியார் பீரோ சாவியைக்கூட அவள் கையில் கொடுத்துவிட்டாள். வாஷிங் மெஷினை மட்டும் தொட விடுவதில்லை.

மாமியார் துவைக்கிற அழகே தனி. மகன் வாங்கிக் கொடுத்த ரப்பர் செருப்பைக் காலில் மாட்டுவாள். கையைப் புடவையில் அழுத்தி அழுத்தித் துடைப்பாள். அப்புறம் ஒரு மரக்கரண்டியின் காம்பால் பட்டனை அழுத்துவாள்.

"துவைக்கப் போறீங்களா அத்தை, கிண்டப் போறீங்களா?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டு மருமகள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கணவனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"ஏங்க, நான் தொட்டா அந்த மெஷின் தேஞ்சா போயிடும்?"

"வயசானவங்க. விடேன்." டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்.

"அவங்களுக்கு மட்டும் செருப்பு வாங்கிக் குடுத்தீங்க. எனக்கு?"

"ஈரத்துல அம்மாவுக்கு வழுக்கும். உனக்கென்ன?"

அம்மா என்றால் இந்த மனுஷனுக்கு உயிர்தான் என்று அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஏசி வாங்குவது என்று முடிவானது. லைன் இழுக்க வந்த எலக்ட்ரீஷியன் மெயின் பெட்டியைத் திறந்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன சார், தாத்தா காலத்துப் பெட்டி? யாருக்காவது ஷாக் அடிச்சா தானா கட் ஆகற சுவிட்சே இதுல இல்லை. அதைப் போடாம நான் ஏசிக்கு லைன் தர மாட்டேன்."

"தண்டச் செலவு" என்று முணுமுணுத்தபடி மகன் தலையாட்டினான்.

புதுப் பெட்டி ஏறியது. எர்த் இல்லாத ப்ளக்குகளுக்கெல்லாம் எர்த் வயர் இழுத்தார். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். விசிறி ஓடியது. பிரிட்ஜ் ஓடியது. வாஷிங் மெஷின் சுவிட்சைத் தட்டியதும்...

டப்!

வீடே அணைந்தது. மறுபடி போட்டார். மறுபடி டப்.

"என்னங்க, ஓட்டை சரக்கைக் கொண்டுவந்து என் தலையில கட்டிட்டீங்களா?" மகன் எகிறினான். "இத்தனை வருஷமா ஓடற மெஷின் அது. அந்தப் புது சுவிட்சைத் தூக்கிப் போட்டுட்டு பழையபடி குடுத்துடுங்க."

எலக்ட்ரீஷியன் ப்ளக்கை உருவிவிட்டு மெஷினின் முதுகைக் கழற்றினார். உள்ளே பார்த்துவிட்டு எழுந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

"பழையபடியா? உள்ளே வயர் தோல் உரிஞ்சு தகரத்துல ஒட்டிக்கிட்டுக் கிடக்கு சார். மெஷின் உடம்பு முழுக்க கரண்டு பாய்ஞ்சிருக்கு. பழைய பெட்டி பேசாம இருந்துச்சு. இது பிடிச்சிடுச்சு. ஈரக்காலோட யாராவது தொட்டிருந்தா ஆள் அவுட்டு. இதுல துவைக்கறது யாரு?"



மருமகளின் கண் மெஷின் மேல் கிடந்த மரக்கரண்டிக்குப் போனது. அங்கிருந்து, வேலை முடிந்ததும் துவைக்கலாம் என்று துணிமூட்டையோடு நின்றிருந்த மாமியாருக்குப் போனது.

"அத்தை... உங்களுக்குத் தெரியுமா?"

"லேசா சுர்ருங்கும். ஒரு நாள் மட்டும் தூக்கிப் போட்டுடுச்சு." கொசு கடித்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். "நீ பச்சப்புள்ளைக்காரி. எந்நேரமும் ஈரக்கை. இடுப்புல இது வேற. உன்னை எப்படி விடறது?"

"ஐயோ! அதுக்காக நீங்க உயிரைக் குடுப்பீங்களா? உங்க பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மகன் புதுப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மாமியார் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"சொன்னேனே. மறுநாளே இந்தச் செருப்பை வாங்கிட்டு வந்து குடுத்தான்."